போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள் குறி தவறினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கடையில் வாங்கிய வேட்டை ரைபிள் சரியாகச் சுடவில்லை என்று யாராவது சொன்னால், பேரலைத்தான் (குழலை) முதலில் குறை சொல்வார்கள். பழுதான ரைபிள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பேரல் கடைசியில் சந்தேகப்பட வேண்டியது. பெரும்பாலும் குற்றவாளி ஒரு தளர்ந்த ஸ்க்ரூவாகவோ, பேரலில் உரசும் ஸ்டாக்காகவோ (ரைபிளைத் தாங்கும் மர அல்லது பிளாஸ்டிக் உடல்), அந்த ரைபிளுக்கு ஒத்துவராத தோட்டாவாகவோ இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, காசு போகும் காரணத்தில் முடித்திருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டுச் சுட்டுச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

## எதையும் தொடுவதற்கு முன்

மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் (பேரலின் பின்பக்கத்தை அடைக்கும், கைப்பிடி உள்ள தண்டு) திறவுங்கள், சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். அப்புறம் போல்ட்டையே வெளியே எடுத்து வையுங்கள். தோட்டா அந்த மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. போல்ட் இயக்கத்தையும் தோட்டா ஏறுவதையும் சோதிக்க டம்மி தோட்டாக்கள் கிடைக்கின்றன. உயிருள்ள தோட்டாவை வைத்து வீட்டில் சோதிக்கவே கூடாது.

அடுத்தது, உண்மையிலேயே பழுது இருக்கிறதா என்று பாருங்கள். சிதறலை எம்ஓஏ என்ற கோண அளவில் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சொல்வார்கள், 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. மெல்லிய பேரல் கொண்ட சாதாரண வேட்டை ரைபிள் 1 முதல் 1.5 எம்ஓஏ சுட்டால் அதற்கு நோய் எதுவும் இல்லை. மூன்று தோட்டா சுட்டு அளப்பதில் ஒரு ஏமாற்று உண்டு. மூன்று தோட்டாக் க்ரூப் (துளைகள் பரவிய அகலம்) சராசரியாக 2.5 செ.மீ. வரும் ரைபிளில், எதையும் மாற்றாமல் பத்து தோட்டா சுட்டால் சராசரி 4 செ.மீ. பக்கம் வரும். ரைபிள் கெட்டுப்போகவில்லை, இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது. எனவே தோட்டா செலவைப் பார்க்காமல், குறைந்தது மூன்று மூன்று-தோட்டாக் க்ரூப்களை ஒரே குறிப்புள்ளியில் வைத்துச் சுட்டு, ஒன்பது துளைகளையும் சேர்த்துப் பாருங்கள். நன்றாக வந்த ஒன்றை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை மறப்பது உதவாது.

சுடும்போது முன்னும் பின்னும் மணல் பை வைத்து, பேரல் எதிலும் படாமல், ஸ்டாக்கின் முன்பகுதி மட்டும் பையில் உட்கார வேண்டும்.

## அறிகுறி: துளைகள் எல்லாப் பக்கமும் சிதறுகின்றன

### முதலில் தோட்டா

ஒரே ரைபிளில் ஒரு வகைத் தோட்டா 5 செ.மீ. சிதறும், இன்னொரு வகை 2.5 செ.மீ.க்குள் விழும். இது வழக்கமானது, விலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. வெவ்வேறு எடையில், வெவ்வேறு தயாரிப்பில் மூன்று நான்கு வகைகளாவது சுட்டுப் பாருங்கள். ஒரு வகை நன்றாகவும் மற்றவை மோசமாகவும் வந்தால் வேலை முடிந்தது, அந்தத் தோட்டாவோடு நில்லுங்கள். எல்லாமே மோசம் என்றால் கீழே போங்கள்.

### ஸ்கோப் பிடிமானம்

ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது போதாது. ஸ்கோப் வளையங்கள் உட்காரும் தகடுதான் பேஸ், அதன் ஸ்க்ரூ தளர்ந்திருப்பது கைக்குத் தெரியாது. வளையங்களைக் கழற்றி, பேஸின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் (முறுக்கு அளவைக் காட்டுவது) சரிபாருங்கள். வளையத்தின் மேல்மூடி ஸ்க்ரூக்களுக்கு 15 முதல் 20 இன்ச்-பவுண்ட் (சுமார் 1.7 முதல் 2.3 நியூட்டன்-மீட்டர்) என்பது வழக்கமான அளவு. பேஸ் ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் கூடுதல். உங்கள் பேஸ் தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த எண் இருந்தால் அதுதான் செல்லும். மேல்மூடியை இன்னும் கொஞ்சம் என்று முறுக்கிக்கொண்டே போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும். அது இன்னொரு பழுது.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. பேஸின் முன் ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாக இருந்தால், பேஸைப் பிடிப்பதற்கு முன்பே அதன் முனை பேரலின் மரையில் போய் முட்டிவிடும். ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் பேஸ் பிடிபட்டிருக்காது. மற்ற ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு முன் ஸ்க்ரூவை மட்டும் முறுக்கிப் பாருங்கள். அது இறுகிய பிறகும் பேஸ் அசைந்தால் ஸ்க்ரூ நீளம் அதிகம். கொஞ்சமாக அரத்தில் தேய்த்தால் போதும்.

### ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள்

ஆக்‌ஷனையும் (பேரல் திருகப்பட்டு, போல்ட் ஓடும் உலோக உடல்) ஸ்டாக்கையும் சேர்த்துப் பிடிப்பவை இவை. புது ரைபிள் பெட்டியிலிருந்து வரும்போதே ஒன்று தளர்ந்தும் ஒன்று அளவுக்கு மீறி இறுகியும் வருவதை நிறையப் பார்க்கலாம். அளவு ஸ்டாக்கைப் பொறுத்தது. வெறும் பிளாஸ்டிக் அல்லது மர ஸ்டாக் என்றால் 35 முதல் 45 இன்ச்-பவுண்ட், அலுமினியத் தூண்களோ அலுமினியப் படுக்கையோ உள்ள ஸ்டாக் என்றால் பலரும் 65 வரை போகிறார்கள் (அதாவது 7.3 நியூட்டன்-மீட்டர்). கையேட்டில் எண் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

முறுக்கும் முறையும் முக்கியம். ரைபிளைச் செங்குத்தாக, தோளில் படும் பின்முனை தரையில் ஊன்றும்படி நிறுத்தி, ஆக்‌ஷன் பின்னோக்கி உட்காரும்படி மெல்ல அழுத்திக்கொண்டு முன் ஸ்க்ரூவை முதலில், பின் ஸ்க்ரூவை அடுத்ததாக, இரண்டையும் பாதி அளவுக்கும் அப்புறம் முழு அளவுக்கும் முறுக்குங்கள். ரூகர் எம்77 வகையில் முன் ஸ்க்ரூ சாய்வாகப் போகும், ஆக்‌ஷனைக் கீழும் பின்னும் சேர்த்து இழுக்கும். அதில் முன் ஸ்க்ரூ முழு இறுக்கத்துக்கு வந்த பிறகுதான் பின் ஸ்க்ரூ. நடு ஸ்க்ரூ வெறுமனே பிடித்திருந்தால் போதும், அதை முறுக்கினால் ஆக்‌ஷன் வளையும். டிக்கா டி3 வகையில் ரீகாயில் லக் (பின்னுதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் துண்டு) ஆக்‌ஷனோடு சேர்ந்ததல்ல, ஸ்டாக்கில் தங்கும் தனித் துண்டு. கழற்றி மாட்டியபோது அது இடம் விலகியிருந்தாலும் துளைகள் சிதறும்.

### மேகசின் பெட்டி

அடியில் உலோகப் பெட்டி கொண்ட ரைபிள்களில், ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை முழுதும் இறுக்கிய பிறகு அந்தப் பெட்டி விரலால் மேலும் கீழும் துளியாவது ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் பெட்டி உயரம் அதிகம். ஆக்‌ஷன் ஸ்டாக்கில் உட்காராமல் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டாக் பள்ளத்தில் குப்பை இருக்கிறதா, பெட்டி சரியாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி என்றால் பெட்டியின் விளிம்பைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும். அரம் பிடித்துப் பழக்கம் இல்லாவிட்டால் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள், அவருக்கு அது சில நிமிட வேலை.

### சுடுபவர்

இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சோதிக்காமல் விட முடியாது. நம்பிக்கையான இன்னொருவரை அதே ரைபிள், அதே தோட்டாவில் சுடச் சொல்லுங்கள். நண்பர் உங்களுக்குத் தெரியாமல் டம்மி தோட்டாவை இடையில் கலந்து கொடுத்தால், வெடிக்காத அந்த ஒன்றில் குழல் வாய் கீழே குதிப்பது அப்பட்டமாகத் தெரியும். பின்னுதைக்கு உடம்பு முன்கூட்டியே பயப்படுகிறது என்று அர்த்தம்.

### இவ்வளவும் செய்தும் சிதறினால்

ஸ்கோப்பை மாற்றி, நன்றாக வேலை செய்வது தெரிந்த வேறு ஸ்கோப் போட்டுச் சுடுங்கள். அதிலும் சிதறினால் அடுத்தது பெடிங், அதாவது ஆக்‌ஷன் உட்காரும் இடத்தை எபாக்ஸியால் பொருந்தச் செய்வது. இங்கே கன்ஸ்மித்தைக் கூப்பிடுங்கள். எபாக்ஸி தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் பிரியவே பிரியாது.

## அறிகுறி: முதல் இரண்டு சேர்ந்து விழுகின்றன, அப்புறம் மேலேயோ ஒரு பக்கமோ நடக்கின்றன

தொழிற்சாலை ரைபிள்களில் நான் அதிகம் பார்க்கும் புகார் இதுதான். காரணமும் அநேகமாக ஒன்றுதான்: பேரல் சூடாகி எதையோ தொடுகிறது.

தாள் சோதனை செய்யுங்கள். ஒரு ரூபாய் நோட்டு அளவுத் தாளைப் பேரலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் நடுவே கொடுத்து, நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுத்துக்கொண்டே போங்கள். எங்கே மாட்டுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ரைபிள் சும்மா கிடக்கும்போது தாள் போவது பெரிய விஷயமல்ல. மணல் பையில் வைத்து, சுடும்போது அழுத்துவதுபோல் அழுத்தி, மறுபடி இழுத்துப் பாருங்கள். பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டிச் சுடுபவரானால் பைபாட்டில் எடையைச் சாய்த்துப் பாருங்கள். வார் மாட்டி இழுத்துப் பிடிப்பவரானால் அப்படிப் பிடித்துப் பாருங்கள். விலை குறைந்த ரைபிள்களின் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டாக் கட்டைவிரலால் அழுத்தினாலே வளைந்து பேரலைத் தொடும். சூடான பேரலில் ஒரு பக்கம் மட்டும் ஸ்டாக் தள்ளினால் துளைகள் மறுபக்கம் நகரும். இலக்குத் தாளில் குண்டுகள் வலப்பக்கம் நடந்தால், இடப்பக்கச் சுவரைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மாட்டும் இடம் தெரிந்தால், ஒரு உருளைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி அந்த இடத்தை மட்டும் தேய்த்து, தாள் இரண்டு மடிப்பாகத் தாராளமாகப் போகும்வரை இடைவெளி கொடுங்கள். மர ஸ்டாக் என்றால் தேய்த்த இடத்தில் கட்டாயம் எண்ணெயோ வார்னிஷோ பூசுங்கள். பூச்சில்லாத மரம் ஈரத்தைக் குடித்து வீங்கி மறுபடி பேரலைத் தொடும்.

ஒரு எச்சரிக்கை. சில ரைபிள்களில் முன்பகுதியின் நுனியில் பேரலைத் தாங்கும் மேடு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். அது தவறி வந்த மேடு அல்ல. அதைத் தேய்ப்பதற்கு முன், ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி இரண்டு தடித்த அட்டைத் துண்டுகளை ஆக்‌ஷனின் முன்பகுதிக்கு அடியில் வைத்து, பேரலைத் தூக்கி நிறுத்தித் தற்காலிகமாகச் சுட்டுப் பாருங்கள். க்ரூப் சுருங்கினால் மட்டும் மேட்டை எடுங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

எங்குமே தொடவில்லை, ஆனாலும் நடக்கிறதா? மெல்லிய பேரல் சூட்டில் கொஞ்சம் நகர்வது அதன் இயல்பு. வேட்டையில் முக்கியம் குளிர்ந்த பேரலின் முதல் இரண்டு தோட்டாக்கள். சுட்டதும் போல்ட்டைத் திறந்துவைத்து, பேரலைக் கையால் சௌகரியமாகப் பிடிக்க முடிகிறவரை காத்திருந்து அடுத்ததைச் சுடுங்கள். அப்படிக் காத்திருந்து சுட்டால் சேர்ந்து விழுகிறது என்றால், எதையும் மாற்றாதீர்கள்.

குண்டுகள் நேர் செங்குத்துக் கோட்டில் விழுந்தால் தோட்டாவின் வேக வித்தியாசம் என்று சொல்வார்கள். 100 மீட்டரில் அது பொருந்தாது. ஒரு சாதாரண .308 வின்செஸ்டரில் வேகம் நொடிக்கு 30 மீட்டர் மாறினாலும் 100 மீட்டரில் உயரம் 1 செ.மீ.கூட மாறாது. ஸ்டாக்கையும் ஆக்‌ஷன் ஸ்க்ரூவையும் மூச்சையும் பாருங்கள்.

## அறிகுறி: துளைகள் இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிகின்றன

இரண்டு தோட்டா இங்கே, மூன்று அங்கே, நடுவில் எதுவுமில்லை. ஏதோ ஒரு பாகம் இரண்டு இடத்தில் மாறி மாறி உட்காருகிறது என்பதற்கு இது அடையாளம்.

ஆக்‌ஷன் ஸ்க்ரூ சோதனை இதற்கு நேரடியாக உதவும். விரல் நுனியைப் பேரலும் ஸ்டாக்கின் முனையும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு, முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். பேரல் ஸ்டாக்கிலிருந்து எழும்பித் தாழ்வது விரலில் தெரிந்தால் ஆக்‌ஷன் சமமாக உட்காரவில்லை, பெடிங் தேவை. அசைவே தெரியாவிட்டால் ஸ்டாக் நல்லது, ஸ்கோப்புக்குப் போங்கள்.

ஸ்கோப்பில் முதலில் பாரலாக்ஸ். ரைபிளைப் பையில் அசையாமல் வைத்து, கையால் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். இலக்கின் மேல் குறுக்குக்கோடு நகர்ந்தால், உங்கள் கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் படிந்தாலே குறி மாறும். சரிசெய்யும் குமிழ் இல்லாத வேட்டை ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 யார்டுக்கு அமைக்கப்பட்டவை. ரிம்ஃபயர் ஸ்கோப் (.22 போன்ற சிறு தோட்டா ரைபிளுக்கானது) என்றால் வழக்கமாக 50 யார்டுதான். அதைப் பெரிய ரைபிளில் மாட்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்தது கட்டச் சோதனை. கால் எம்ஓஏ கிளிக் (குமிழின் ஒரு படி) கொண்ட ஸ்கோப்பில் ஒரு தோட்டா, 20 கிளிக் வலப்பக்கம் ஒரு தோட்டா, 20 கீழே, 20 இடப்பக்கம், 20 மேலே என்று ஒரே குறிப்புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். ஐந்தாவது முதல் துளையின் பக்கத்தில் விழ வேண்டும், பக்கங்கள் ஒவ்வொன்றும் 100 மீட்டரில் சுமார் 14.5 செ.மீ. இருக்க வேண்டும். கட்டம் கோணலானாலோ மூடாமல் போனாலோ ஸ்கோப் உள்ளே உடைந்திருக்கிறது. அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள், திறக்க முயலாதீர்கள்.

## அறிகுறி: க்ரூப் நன்றாக இருக்கிறது, இடம் மட்டும் மாறிவிட்டது

துடைத்து எண்ணெய் போட்ட பேரலில் முதல் தோட்டா தனியாக வேறிடத்தில் விழுவது பழுதல்ல. வேட்டைக்கு முன் உலர்ந்த துணியால் குழலைத் துடைத்துவிட்டு, ஒன்றிரண்டு தோட்டா சுட்ட குழலோடு போங்கள்.

மற்றபடி: ரைபிள் கீழே விழுந்ததா, ஸ்டாக்கைக் கழற்றினீர்களா, தோட்டா வகையை மாற்றினீர்களா, குழல் வாயில் மாட்டிய சப்ரஸரோ (சத்தம் குறைப்பது) பிரேக்கோ (உதை குறைப்பது) தளர்ந்ததா? மர ஸ்டாக் மழையில் நனைந்தால் குறி நகரும். ஒவ்வொரு மழைக்கும் இது நடந்தால் மேலே சொன்ன இடைவெளி வேலையும், உட்புறப் பூச்சும் செய்யுங்கள்.

## அறிகுறி: துளை வட்டமாக இல்லை, குண்டு பக்கவாட்டில் நுழைந்திருக்கிறது

குண்டு தலைகுப்புறப் புரள்கிறது. உடனே சுடுவதை நிறுத்துங்கள்.

பேரலில் என்ன காலிபர் (தோட்டா அளவு) பொறித்திருக்கிறது, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டும் பொருந்தினால், குழல் வாயில் சப்ரஸரோ பிரேக்கோ இருந்தால் கழற்றுங்கள், உள்ளே குண்டு உரசிய பளபளப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மரை கோணல், அது கன்ஸ்மித் வேலை.

எதுவும் மாட்டவில்லை என்றால் குழலின் சுழல்வரி (குண்டைச் சுழல வைக்கும் உட்புற வரி) அந்தக் குண்டின் நீளத்துக்குப் போதவில்லை. .223 ரெமிங்டனில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பேரல் 55 கிரெய்ன் எடைக் குண்டை நன்றாகச் சுழற்றும், 77 கிரெய்னைச் சுழற்றாது. எடையைவிட நீளம்தான் கணக்கு. ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும், அதனால் அதில் இந்தப் பிரச்சினை முன்னதாக வரும். உங்கள் பேரலின் அளவு தெரியாவிட்டால் நீங்களே அளக்கலாம்: கைப்பிடி சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியை மாட்டி உள்ளே தள்ளுங்கள், கம்பியில் ஒரு புள்ளி வைத்து, அது முழுச் சுற்று சுற்றி வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று அளந்தால் அதுதான் விடை. தீர்வு நீளம் குறைந்த குண்டு, புதுப் பேரல் அல்ல.

## அறிகுறி: முன்பு நன்றாகச் சுட்டது, மெல்ல மெல்லக் கெட்டது

துடையுங்கள். சேம்பர் பக்கத்திலிருந்து, வழிகாட்டிக் குழாய் போட்டு, ஒரே துண்டான கம்பியால். முதலில் கரி, அப்புறம் செம்பு. செம்புக் கரைப்பான் ஊற்றிய துணி நீலமாக வந்தால் செம்பு இன்னும் இருக்கிறது. வெண்கலப் பிரஷ் போட்ட உடனே பார்த்தால் பிரஷ்ஷே நீலத்தைக் கொடுக்கும், அதனால் கடைசிச் சோதனைக்கு நைலான் பிரஷ். நீலம் நின்றதும் எண்ணெய் துடைத்துச் சுடுங்கள். துடைத்தவுடன் சில தோட்டாக்கள் கொஞ்சம் அலையும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

சரியாகவில்லை என்றால் குழல் வாய். பஞ்சு சுற்றிய குச்சியை உள்விளிம்பைச் சுற்றி உள்ளிருந்து வெளியே இழுங்கள். ஒரே இடத்தில் நூல் மாட்டினால் அங்கே பிசிறோ அடிபட்ட பள்ளமோ இருக்கிறது. சுட்ட பிறகு வாயில் படியும் கரி நட்சத்திரம் ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்தாலும் அதே சந்தேகம்தான். வாயை மறுபடி கடைந்து சமன் செய்வது கன்ஸ்மித்துக்குச் சிறு வேலை, பேரல் மாற்றுவதற்கு முன் கட்டாயம் செய்து பார்க்க வேண்டியது.

போரஸ்கோப் வைத்து உள்ளே பார்த்துப் பயப்படாதீர்கள். தொழிற்சாலைப் பேரலுக்குள் கருவித் தடங்கள் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனாலும் பல பேரல்கள் அப்படியே அருமையாகச் சுடுகின்றன. சேம்பருக்கு முன்னால் சுழல்வரி தொடங்கும் இடம் தேய்ந்து, வெயிலில் வெடித்த களிமண்போல் பாளம் பாளமாகத் தெரிந்து, துடைத்தும் குழல் வாயைச் சரிசெய்தும் பயனில்லை என்றால்தான் புதுப் பேரல். சாவேஜ் 110 போன்றவற்றில் பேரல் ஒரு நட்டால் பிடிக்கப்பட்டிருப்பதால் மாற்றுவது எளிது என்பார்கள். ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளவுகோல்கள் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

## அறிகுறி: போல்ட் மூடவோ திறக்கவோ மறுக்கிறது

தோட்டா இல்லாமலும் மூடுவது கடினம் என்றால், ஸ்கோப் பேஸின் ஸ்க்ரூ ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி மூடிப் பாருங்கள், குற்றவாளி உடனே தெரியும். ஆக்‌ஷன் ஸ்க்ரூ நீளமாக இருந்தாலும் இதே கதை.

டம்மி தோட்டாவோடு மட்டும் கடினம் என்றால் சேம்பரைத் துடைத்துவிட்டு, உங்கள் தோட்டாவின் வகையை மாற்றிப் பாருங்கள். நீங்களே தோட்டா நிரப்புபவரானால் பித்தளைக் கூட்டின் அளவையும் குண்டு உட்கார்ந்த ஆழத்தையும் அளந்து பாருங்கள்.

சுட்ட பிறகு போல்ட் கைப்பிடியைத் தூக்குவது கடினம் என்றால் விஷயம் வேறு. கூட்டின் அடியில் பளபளவென்று வட்டத் தடம், தட்டையான பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி), இவை அழுத்தம் அதிகமான அறிகுறிகள். அந்தப் பெட்டியில் இன்னொரு தோட்டாகூடச் சுடாதீர்கள். கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மெல்லிய பளிச்சென்ற வளையம் தெரிந்தால் கூடு கிழியத் தொடங்கியிருக்கிறது, ஹெட்ஸ்பேஸ் சந்தேகம். ரைபிளைப் பூட்டி வைத்து கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள்.

பின்னால் இழுத்த போல்ட் லொடலொடவென்று ஆடுவதை மட்டும் பொருட்படுத்தாதீர்கள். மூடிய நிலையில் பிடிப்பாக இருந்தால் போதும், ஆட்டத்துக்கும் குறிக்கும் தொடர்பில்லை.

## அறிகுறி: தோட்டா ஏறவில்லை, அல்லது கூடு வெளியே வரவில்லை

பிளாஸ்டிக் மேகசின் என்றால் முதலில் வேறொரு மேகசின். மேகசின் முழுதும் ஏறிக் கிளிக் ஆகியிருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கூடு வெளியே எறியப்படாமல் மேலேயே கிடந்தால், மௌசர் 98 வழியில் வந்த நிலையான எஜெக்டர் (கூட்டை வெளியே எறியும் பாகம்) உள்ளவற்றில் போல்ட்டை மெல்ல இழுப்பதே காரணம், வேகமாக இழுங்கள். ஸ்பிரிங் எஜெக்டர் உள்ளவற்றில் பித்தளைத் தூள் அடைத்திருக்கும், கரைப்பானில் ஊறவைத்து டம்மியால் அழுத்தி விடுங்கள். கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகம் உடைந்திருந்தால் புதுசு மாட்ட வேண்டும்.

## அறிகுறி: ட்ரிகரை இழுத்தால் கிளிக் மட்டும்

குழலை இலக்கை நோக்கியே வைத்து முழுசாக ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிது, ஆனால் உண்டு. அப்புறம் திறந்து பிரைமரைப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சத்தமோ உதையோ குறைவாக இருந்திருந்தால் குழலில் குண்டு மாட்டியிருக்கலாம். போல்ட்டை எடுத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. மாட்டியிருந்தால் அடித்து வெளியேற்ற முயலாதீர்கள், கன்ஸ்மித்.

பிரைமரில் தடமே இல்லை, ரைபிள் சாவேஜின் அக்யூட்ரிகர் வகை என்றால், நடுவில் உள்ள தகடு முழுதும் அழுந்தாமல் ட்ரிகர் இழுபட்டிருக்கலாம். அது பாதுகாப்புக்காக நிற்கும் அமைப்பு. போல்ட் கைப்பிடியைத் தூக்கி இறக்கி மறுபடி காக் செய்ய (சுடும் நிலைக்குக் கொண்டுவர) வேண்டும். ஆழமில்லாத தடம் இருந்தால் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) பாதையில் கெட்டியான எண்ணெய் இருக்கும், குளிரில் அது பிசினாகிவிடும். கரைப்பானில் கழுவி உலர்த்தி, எண்ணெய் போடாமல் மாட்டுங்கள். அதற்குப் பிறகும் தடம் ஆழமாகவில்லை என்றால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது.

தொடாமலே வெடித்தது, சேஃப்டியை விலக்கியதும் வெடித்தது, போல்ட்டை மூடியதும் வெடித்தது: இந்த மூன்றில் எது ஒரே ஒரு முறை நடந்தாலும் நீங்கள் சோதிக்க எதுவும் இல்லை. தோட்டாவை எடுத்துவிட்டு ரைபிளை ஒதுக்கி வையுங்கள். தயாரிப்பாளர் திரும்பப் பெறும் அறிவிப்பு எதையாவது வெளியிட்டிருக்கிறாரா என்று வரிசை எண்ணை வைத்துப் பாருங்கள். 2014 ஏப்ரலில் ரெமிங்டன் நிறுவனம், 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான, எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைபிள்களைத் திரும்பப் பெற்றது. பொருத்தும்போது பூசிய ஒட்டுப்பொருள் அதிகமாகிவிட்டதால், சில சூழலில் தானே வெடிக்கலாம் என்பது காரணம். பழைய ரைபிளைக் கைமாற்றி வாங்கியவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அறிவிப்பு எதுவும் இல்லாவிட்டாலும் ட்ரிகரை நீங்கள் திறக்காமல், காலி ரைபிளாகவே கன்ஸ்மித்திடம் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.